உரிமம் முடிய ஆறு வாரம்: மேட்லேப்பை விட்டால் வேறு வழி உண்டா?

கேள்வி: ஆய்வுப் படிப்பை முடித்துவிட்டு மூன்று நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனம் தொடங்கியிருக்கிறேன். பம்பு, மோட்டார் போன்ற இயந்திரங்களின் அதிர்வுத் தரவை ஆராய்ந்து எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. ஆய்வுக்காலம் முழுக்க மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில்தான் நிரல் எழுதினேன். சமன்பாடுகளைச் சுருக்குவதற்கு மாத்தமேட்டிகா என்ற இன்னொரு மென்பொருள். பல்கலைக்கழக உரிமம் இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. வணிக உரிமத்துக்கு விலை கேட்டேன். அடிப்படை மென்பொருள், மேலே ஐந்து டூல்பாக்ஸ் (தனியாக விற்கப்படும் துணைத் தொகுப்பு), அதுவும் நான்கு பேருக்கு என்று கூட்டினால் எங்கள் முதலீட்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 'க்ராக்' செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த பதிப்பைத் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். கணிதம் யாருக்கும் சொந்தமில்லையே, அதற்கு ஏன் இவ்வளவு விலை? இலவச மென்பொருள் தரும் விடையை நம்பி வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்கலாமா?

பதில்: க்ராக் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: வேண்டாம். மாணவராக இருந்தபோதே அது தவறுதான். நிறுவனம் என்று பெயர்ப்பலகை மாட்டியபின் அது உங்கள் நான்கு பேரின் பிழைப்போடு விளையாடுவது. அத்தகைய பதிப்புகளை நிறுவ, வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்பார்கள். வாடிக்கையாளரின் தரவு இருப்பதும் அதே கணினியில்தான். தவிர, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று அறிக்கையில் எழுத வேண்டிவரும். உங்கள் பேச்சை நம்பி ஓர் ஆலை இயந்திரத்தை நிறுத்தி, பிறகு அதில் தகராறு வந்தால், இதை எதில் கணக்கிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். மாணவர் உரிமத்தையோ வீட்டு உபயோக உரிமத்தையோ வைத்துக்கொண்டு கட்டணப் பணி செய்வதும் இந்த வகைதான். மீதமிருக்கும் ஆறு வாரத்தில் உங்கள் ஆய்வு நிரல்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வேலையைப் பல்கலைக்கழக உரிமத்தில் ஓட்டாதீர்கள்.

சரி, ஏன் இவ்வளவு விலை? உங்கள் கோபத்தில் பாதிக்கு நியாயம் இருக்கிறது. மேட்லேப் பிறந்த கதையே உங்கள் பக்கம் பேசும். 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த கிளீவ் மோலர், லின்பேக், ஐஸ்பேக் என்ற அணிக் கணக்கீட்டு நூலகங்களைத் தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலேயே பயன்படுத்தட்டும் என்று அதை எழுதினார். கேட்டவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். பிறகு ஜாக் லிட்டிலும் ஸ்டீவ் பேங்கர்ட்டும் தனிநபர் கணினிக்காக அதைச் சி மொழியில் புதிதாக எழுத, 1984-ல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் உருவானது.

இந்த நிறுவனங்களுக்குச் செலவு இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல எண்கணக்கீட்டு நிரல் எழுத, அந்தத் துறையில் ஆழமாகப் படித்தவர்கள் வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் பழைய நிரல்கள் உடையாமல் ஓடுகின்றனவா என்று சோதிக்க வேண்டும், ஆவணம் எழுத வேண்டும், கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்களோ அலுவலக மென்பொருள் வாங்குகிறவர்களைப் போலக் கோடிக்கணக்கில் இல்லை. இதுவரை நியாயம். ஆனால் விமானமும் காரும் தயாரிக்கிற பெரிய நிறுவனங்களும் நீங்களும் ஒரே வணிக விலைப்பட்டியலின் கீழ் வருகிறீர்கள். மாணவருக்கு மிகக் குறைந்த விலை, பெரிய நிறுவனத்துக்குப் பொருட்டில்லாத விலை, நடுவில் மாட்டிக்கொள்பவர் உங்களைப் போன்றவர். படிக்கும்போது கைக்குப் பழகிவிடுகிறது, பட்டம் வாங்கிய மறுநாள் அதே கருவி கைக்கு எட்டாமல் போகிறது. ஒரே நிறுவனத்தின் கருவியில் மட்டும் மாணவர்களைப் பழக்கி வெளியே அனுப்பும் பல்கலைக்கழகத் துறைகள் மீதுதான் எனக்கு விற்பவர்களைவிட அதிக வருத்தம். இரண்டாவது கருவி ஒன்றையும் காட்டி அனுப்பியிருந்தால் இன்று நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே வேண்டாம்.

கணிதம் யாருக்கும் சொந்தமில்லை என்றீர்கள். நீங்கள் நினைப்பதைவிடவும் அது உண்மை. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க மேட்லேப்பில் ஓடிஇ45 என்று கூப்பிடுகிறீர்களே, அது டோர்மண்ட், பிரின்ஸ் இருவரும் 1980-ல் வெளியிட்ட ருங்கே-குட்டா முறை. இலவச நிரல்மொழியான பைத்தானின் சைப்பை என்ற அறிவியல் கணக்கீட்டு நூலகத்தில் ஆர்கே45 என்ற பெயரில் இருப்பதும் அதே முறை, ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் இருப்பதும் அதுவே. நாம் எதுவும் சொல்லாவிட்டால் மேட்லேப்பும் சைப்பையும் எடுத்துக்கொள்ளும் பிழை வரம்புகூட ஒன்றுதான்: சார்புப் பிழை ஆயிரத்தில் ஒன்று, தனிப்பிழை பத்து லட்சத்தில் ஒன்று. சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கப் பின்சாய்கோடு போடும்போது உள்ளே ஓடுவது லாபேக், 1992-ல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட நூலகம். பைத்தானின் அணி நூலகமான நம்பை, புள்ளியியல் மொழியான ஆர், ஆக்டேவ் எல்லாம் அதையேதான் அழைக்கின்றன. பெரும்பாலும் பூச்சியமாக இருக்கிற பெரிய அணி என்றால் டிம் டேவிஸ் எழுதிய அம்ஃப்பேக், கோல்மாட் என்ற நூலகங்கள் வேலை செய்யும், மேட்லேப்பிலும் ஆக்டேவிலும். உங்கள் தொழிலுக்கு உயிரான, அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேக ஃபூரியர் மாற்றத்துக்கு மேட்லேப் நம்பியிருப்பது எம்ஐடியில் ஃப்ரிகோவும் ஜான்சனும் எழுதிய எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தை. அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஆக நீங்கள் கொடுக்கிற பணம் இவற்றைச் சுற்றிக் கட்டிய வசதிக்கும், ஆவணத்துக்கும், உதவிக்கும், டூல்பாக்ஸ்களுக்கும் போகிறது. அந்த வசதியில் எது உங்களுக்குத் தேவை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை உங்கள் நிரல்களிலேயே இருக்கிறது.

மேட்லேப்பில் டிபென்டென்சி அனலைசர் என்று ஒன்று உண்டு. உங்கள் நிரல் தொகுப்பைக் கொடுத்தால் எந்தக் கோப்பு எந்த டூல்பாக்ஸைத் தொடுகிறது என்று படம் போட்டுக் காட்டும். உரிமம் இருக்கும்போதே, இந்த வாரமே அதை ஓட்டுங்கள். பலரிடம் நான் பார்ப்பது இதுதான்: பட்டியலில் ஒரு டூல்பாக்ஸ் இடம்பிடித்திருப்பதற்கு ஒற்றை வரிதான் காரணமாக இருக்கும். ஹேமிங் சாளரத்தை (தரவுத் துண்டின் ஓரங்களைத் தணிக்கும் எடைகள்) அழைத்த ஒரு வரிக்காக சிக்னல் டூல்பாக்ஸ் முழுவதும் தேவை என்று வந்து நிற்கும். அந்தச் சாளரமோ 0.54-லிருந்து 0.46 மடங்கு கொசைனைக் கழிப்பது, அவ்வளவுதான். நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஐந்து டூல்பாக்ஸ் என்று நீங்கள் கேட்ட விலை, இந்த வேலையைச் செய்துவிட்டு மறுபடி கேட்டால் இரண்டுக்கான விலையாக இறங்கினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அப்புறம் எங்கே போவது? உங்கள் வேலைக்கு என் பரிந்துரை நேரானது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களுக்கு ஆக்டேவ், இனி எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் பைத்தான். ஆக்டேவை ஜான் ஈட்டன் ஒரு வேதிப்பொறியியல் பாடநூலுக்குத் துணையாகத்தான் யோசித்தார். அதன் முதல் முழுப் பதிப்பு 1994-ல் வந்தது. மேட்லேப் மொழியையே பேசுவதால் எளிய நிரல்கள் பல அப்படியே ஓடிவிடும். இடறும் இடங்களும் உண்டு. மேட்லேப்பின் டேபிள் என்ற அட்டவணைத் தரவு வகையை ஆக்டேவ் அப்படியே ஏற்காது. நிரலும் விளக்கமும் விடையும் சேர்ந்திருக்கும் லைவ் ஸ்கிரிப்ட் கோப்பை நிரலாக ஓட்டாது. வடிகட்டி, சாளரம் போன்றவற்றுக்கு சிக்னல் தொகுப்பைத் தனியாக நிறுவி, ஒவ்வொரு முறையும் அதை ஏற்றச் சொல்ல வேண்டும். மேட்லேப் சுழல்களை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றி வேகமாக்குகிறது. ஆக்டேவ் அதைச் செய்வதில்லை, ஆகவே லட்சம் முறை சுற்றும் சுழல் அங்கே நொண்டும். அந்த இடங்களை அணிச் செயல்பாடாக மாற்றி எழுதுங்கள்.

சமன்பாடு சுருக்குவதற்கு சிம்பையும் மேக்ஸிமாவும் இருக்கின்றன. மேக்ஸிமாவுக்கு மாத்தமேட்டிகாவைவிட வயது அதிகம். 1968-ல் எம்ஐடியில் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற அமைப்பின் வாரிசு அது. அதை ஆண்டுக்கணக்கில் பராமரித்த வில்லியம் ஷெல்டர் 1998-ல் அனுமதி பெற்றுப் பொது உரிமத்தில் வெளியிட்டார். புள்ளியியல் அதிகம் என்றால் ஆர், பெரிய வகைக்கெழுச் சமன்பாடுகளை வேகமாகத் தீர்க்க வேண்டுமென்றால் ஜூலியா, எண்கோட்பாடு, குலக் கோட்பாடு என்று தூய கணிதம் என்றால் சேஜ். உங்களுக்கு இப்போதைக்கு இவை வேண்டாம்.

மாறும்போது எங்கே அடி விழும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிரல் ஓடாமல் நின்றால் கவலையில்லை, திருத்திவிடலாம். பிழைச்செய்தி ஏதும் இல்லாமல் ஓடி முடித்து வேறு எண்ணைக் கொடுப்பதுதான் ஆபத்து. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களுக்குத் திட்ட விலக்கம் கேளுங்கள். மேட்லேப்பும் ஆக்டேவும் ஆரும் 2.138 என்று சொல்லும். நம்பை 2 என்று சொல்லும். இரண்டும் சரி. முன்னவை எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து ஏழால் வகுக்கின்றன, நம்பை எட்டால் வகுக்கிறது. அதே பைத்தானில் பாண்டாஸ் நூலகத்தைக் கேட்டால் மறுபடி 2.138. எச்சரிக்கை எல்லையை மூன்று திட்ட விலக்கம் என்று வைத்து, குறைந்த மாதிரிகளோடு வேலை செய்கிறீர்கள் என்றால், ஒரு மோட்டார் எல்லைக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதே இதனால் மாறிவிடும்.

அதிர்வு வேலையில் இதைவிட முக்கியமானது, தரவைத் துண்டுகளாக்கி அவற்றின் நிறமாலைகளைச் சராசரியாக்கும் வெல்ச் முறை. மேட்லேப்பில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் தரவை எட்டுத் துண்டுகளாக்கி, பாதிப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஹேமிங் சாளரம் போடும். சைப்பையில் எதுவும் குறிப்பிடாவிட்டால் 256 புள்ளிகள் கொண்ட துண்டு, ஹான் சாளரம், ஒவ்வொரு துண்டிலும் சராசரியைக் கழித்துவிடும். ஒரே தரவுக்கு இரண்டு வரைபடங்களும் வேறு மாதிரி வரும். நீளமான பதிவில் 256 புள்ளித் துண்டு போட்டால் அதிர்வெண் பிரிதிறன் போய்விடும், தாங்கிப் (பேரிங்) பழுதைக் காட்டும் அருகருகான இரண்டு முகடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். இலவச மென்பொருள் சரியில்லை என்று இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டுகிறார்கள். மென்பொருளில் பழுதில்லை, இரண்டிலும் நாம் சொல்லாமல் விட்டதை அது அது தன் வழியில் நிரப்பியிருக்கிறது. சாளரம், துண்டின் நீளம், மேற்படிவு, சராசரி நீக்கம் ஆகிய நான்கையும் வெளிப்படையாக எழுதுங்கள். அறிக்கையிலும் அவற்றைக் குறிப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு சிறிய விஷயங்கள். பைத்தானில் எண்ணுவது பூச்சியத்திலிருந்து. ஓர் அணியை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் மேட்லேப் போல நகல் கிடைக்காது, அதே அணிதான். புதிய பெயரில் மாற்றினால் பழையதும் மாறும்.

அடுத்து, நம்பலாமா என்ற கேள்வி. விலை கொடுத்ததால் மட்டும் எந்த விடையும் நம்பத்தகுந்ததாகிவிடாது. மூன்று கணிதவியலாளர்கள் 2014-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் நோட்டீசஸ் இதழில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். பெரிய முழு எண்களாலான அணிகளின் அணிக்கோவையை மாத்தமேட்டிகாவில் கணக்கிட்டபோது தவறான விடை வந்தது. அதே அணியைத் திரும்பக் கணக்கிட்டால் வேறு விடையும் வந்தது. மூலநிரல் பூட்டிக் கிடப்பதால் என்ன நடந்தது என்று அவர்களால் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. திறமூல மென்பொருளிலும் பிழைகள் வரத்தான் செய்யும். பிழைப் பட்டியல் பொதுவில் இருக்கும், திருத்தத்தை வரி வரியாகப் படிக்கலாம் என்பது அதன் பலம். எதில் கணக்கிட்டாலும் சோதிப்பது நம் பொறுப்பு. தீர்வைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டு எச்சத்தைப் பாருங்கள். விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். தெரிந்த அதிர்வெண்ணும் வீச்சும் கொண்ட செயற்கைச் சைன் அலையை உங்கள் முழு நிரல்தொடரிலும் ஓடவிட்டு, வெளியே அதே அதிர்வெண்ணும் வீச்சும் வருகின்றனவா என்று பார்ப்பது உங்கள் துறைக்கு மிகப் பொருத்தமான சோதனை. இவற்றையெல்லாம் செய்து, அறிக்கையில் பதிப்பு எண்ணோடு எழுதினால், ஆக்டேவ், சைப்பை விடையோடு எந்த வாடிக்கையாளர் முன்னாலும் உட்காரலாம்.

திறமூலத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் எங்கள் நிரலையும் வெளியிட வேண்டுமோ என்று சிலர் பயப்படுவார்கள். நீங்கள் கொடுப்பது அறிக்கையும் வரைபடமும். அதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மென்பொருளாகவே விற்கத் தொடங்கினால் மட்டும் ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும் படியுங்கள். நம்பையும் சைப்பையும் அந்த விஷயத்தில் தாராளமானவை.

எல்லாவற்றுக்கும் இலவச மாற்று இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர், மேத்வொர்க்ஸின் மாதிரியாக்க மென்பொருளான சிமுலிங்கில் செய்த மாதிரியாகவே கேட்கிறார், அதிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்கு நேராக நிரல் இறக்க வேண்டும் என்றால், அதற்கான இலவச மாற்றுகளான ஓபன்மாடலிகாவையோ சைலாபின் எக்ஸ்காஸையோ வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். நான்கு பேருக்கு வேண்டாம், ஓர் இருக்கைக்கு வாங்கி, அந்தச் செலவை அந்தப் பணியின் கட்டணத்தில் சேருங்கள். சிறப்புச் சார்புகள் நிறைந்த கடினமான தொகையீடுகளில் மாத்தமேட்டிகாவின் வீச்சு இன்னும் பெரியது. ஆயிரக்கணக்கான முழு எண் மாறிகள் கொண்ட உகந்ததாக்கல் கணக்குகளில் குரோபி போன்ற வணிகத் தீர்விகள் பெரும்பாலும் முந்தும், ஹைஸ், ஸ்கிப் போன்ற திறமூலத் தீர்விகள் நன்றாக வளர்ந்திருந்தாலும். வாங்குவது என்று முடிவானால் பட்டியல் விலையோடு நிற்காதீர்கள். புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்கு மேத்வொர்க்ஸ் தனித் திட்டம் வைத்திருக்கிறது, தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். மாத்தமேட்டிகாவை விற்கும் வுல்ஃப்ராம் 2019-லிருந்து தன் கணக்கீட்டு எஞ்சினை நிரலாளர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் அது உருவாக்கிப் பார்க்கும் கட்டத்துக்கு மட்டும்தான், கட்டணப் பணிக்கு ஆகாது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தத் திறமூலத் திட்டங்களுக்குக் கொடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நம்பையின் முதல் முழுப் பதிப்பு 2006-ல் வந்தது. அதற்கென்று முதன்முதலாக ஒரு மானியம் கிடைத்தது 2017-ல். அதுவரை உலகமே சாய்ந்து நின்ற ஒன்றை, சிலர் தங்கள் மாலை நேரத்தையும் விடுமுறையையும் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். பணம் இல்லையென்றால் நீங்கள் கண்ட பிழையை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள், அதுவும் அவர்களுக்குப் பெரிய உதவி.

இனி அந்த ஆறு வாரம். நிரலை மாற்றுவதற்கு அவசரமில்லை, உரிமம் போனபிறகும் அதைச் செய்யலாம். உரிமம் போனபின் செய்ய முடியாததை முதலில் முடியுங்கள். உங்கள் ஆய்வுத் தரவில் பத்துப் பதினைந்து மாதிரிகளை எடுத்து, ஒவ்வொரு நிரலிலும் ஓட்டி, இடைநிலை விடைகளையும் இறுதி விடைகளையும் சேமியுங்கள். வடிகட்டிய அலை, நிறமாலை, முகடுகளின் பட்டியல் என்று ஒவ்வொரு படிக்கும் தனிக் கோப்பு. நாளை பைத்தானில் எழுதும்போது எந்தப் படியில் எண் விலகுகிறது என்று காட்டப்போவது இவைதான். சிஎஸ்வி வடிவம் போதும், ஆனால் பதினைந்து இலக்கம்வரை எழுதச் சொல்லுங்கள். மேட்லேப்பின் சொந்த வடிவமான மேட் கோப்பாக வைப்பதென்றால் 7 வடிவத்தில் சேமியுங்கள். 7.3 வடிவத்தை சைப்பையின் வழக்கமான வாசிப்பான் திறக்காது. டேபிள்களை அப்படியே மேட் கோப்பில் வைக்காமல் நெடுவரிசைகளாகப் பிரித்து எழுதிவிடுங்கள். லைவ் ஸ்கிரிப்ட்டுகளைச் சாதாரண நிரல் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். படக் கோப்புகள் இருந்தால் அவற்றின் பின்னாலுள்ள எண்களையும் எடுத்து வையுங்கள்.

மாத்தமேட்டிகா நோட்புக்குகளை இலவசமான வுல்ஃப்ராம் பிளேயரில் திறந்து படிக்க முடியும், புதிதாகக் கணக்கிட முடியாது. ஆகவே பயன்படுத்தப்போகும் இறுதிக் கோவைகள் ஒவ்வொன்றையும் சி வடிவிலும் மாத்தமேட்டிகாவின் உள்ளீட்டு வடிவிலும் உரைக் கோப்பாக எழுதி எடுங்கள். பின்னதை சிம்பை நேரடியாகவே வாசிக்கும். எளிய கோவைகளுக்கு அது போதும். வாசிக்க முடியாமல் திணறும் கோவைகளை சி வடிவத்திலிருந்து கையால் எடுத்தெழுதி, மாறிகளுக்கு நாலைந்து எண்களைக் கொடுத்து, மாத்தமேட்டிகா தந்த விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒப்பீட்டு விடைகளையும் இப்போதே கணக்கிட்டு எடுத்துவைத்துவிடுங்கள்.